அப்பத்துக்குக் கை நீட்டாத அப்பா

எங்கள் அன்பு அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து வருகிற ஞாயிறோடு ஓராண்டு நிறைகிறது. நல்லவர், பொறுமைசாலி என்று எல்லா நினைவு மலரிலும் போடுவதை இங்கும் போடலாம், பொய்யும் இல்லை. ஆனால் சபையார் பலர் என்னிடம் கேட்கத் தயங்கிய ஒன்றைச் சொல்லாமல் அப்பாவைப் பற்றி எழுத மனம் வரவில்லை. திருவிருந்தில் அப்பம் கொடுக்கும் நேரத்தில் அவர் ஏன் எழுந்து வந்ததேயில்லை?

அப்பா வத்தலக்குண்டு பக்கம் ஒரு காலனியில் பிறந்தார். தாத்தா ஞானஸ்நானம் பெற்றவர். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் 'இந்து ஆதிதிராவிடர்' என்று எழுதிக்கொண்டார். கிறிஸ்தவன் என்று எழுதினால் ஆதிதிராவிடருக்கான சலுகை கிடையாது. சட்டத்துக்கு நாங்கள் மாறிவிட்டவர்கள். டீக்கடைக்காரருக்கு மாறவே இல்லை, தனி கிளாஸ்தான். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் அப்பா படித்தார், திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தரானார்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், இவர் ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போகிறவர் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டார்கள். மேலதிகாரி கெட்டவரல்லர். அப்பாவைக் கூப்பிட்டு, "நான் இந்துன்னு ஒத்த வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இதோட மூடிர்றேன்" என்றார். வீட்டில் அம்மா, நான், தம்பி. அப்பா எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்பம் வாங்க எழுந்திருக்கவில்லை. சில வாரம் பார்த்துவிட்டுப் போதகர் வீட்டுக்கே வந்தார்.

"பேதுருவே ஆண்டவரைத் தெரியாதுன்னு மறுதலிச்சாரு. ஆண்டவர் மன்னிக்கலையா? வாங்க."

"மன்னிச்சுருவாரு ஐயா. பேதுரு அழுதாரு, அதோட விட்டுட்டாரு. நான் திங்கக்கெழமை அதே கையெழுத்தை நம்பித்தான ஆபீசுக்குப் போகணும்?" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணு வேலைய விடுங்க, இல்ல அப்பத்தை வாங்குங்க. ரெண்டுங்கெட்டானா எதுக்குப்பா உக்காந்திருக்கீக?" என்று கத்தினேன்.

"விட்டுட்டா நீ எப்படி ஆத்தா படிப்ப?"

நானும் அதே இந்துச் சான்றிதழில்தான் படித்தேன். இன்று அரசுப் பள்ளி ஆசிரியை. அப்பா போல நான் பட்டினி கிடக்கவில்லை. திருவிருந்து தவறாமல் கை நீட்டி வாங்கிக்கொள்கிறேன். அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சென்ற ஆண்டு அப்பாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. போதகர் ஆஸ்பத்திரிக்கே திருவிருந்து அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தார். "இனி ஆபீஸ் இல்லையேப்பா, வாங்கிக்கங்க" என்று கெஞ்சினேன்.

"உனக்கு இருக்குல்ல" என்றார். அப்பத்துக்கு வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார். ஆண்டவரைவிட எங்களைப் பெரிதாக நினைத்தாரா, ஆண்டவரை ஏமாற்ற மனமில்லாமல்தான் கடைசிவரை ஒதுங்கியிருந்தாரா? எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பாய் குடும்பத்தாருக்கும், அடக்கத்தைத் தாங்கி நடத்திய சபையாருக்கும் எங்கள் நன்றி. அப்பாவின் அலுவலக நண்பர்களுக்கு அடக்கத்தைச் சொல்லவேயில்லை. அவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த மலரும் அவர்கள் கைக்குப் போகாது.

அட்டையில் அப்பாவின் படமும் கட்டுரையின் கீழே என் பெயரும் போடச் சொல்லித்தான் அச்சகத்தில் கொடுத்தேன். கல்லூரியில் படிக்கும் தம்பி கேள்விப்பட்டு ஓடிவந்தான். "உன் வேலை மட்டுமா போகும்க்கா? என் படிப்பும் அதே சர்டிபிகேட்லதான இருக்கு" என்றான்.

மறுநாள் நானே போய் இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன்.

இப்படிக்கு,
மகள்