கூண்டுக்கு அளவெடுத்தேன்

என் சம்சாரம் பெங்களூர்ல மக ஊட்டுல இருக்கறா. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவா. எடுத்ததும் மொதக் கேள்வி, "ஏனுங்க, கோழியெல்லாம் எப்படி இருக்குதுங்க?" நான் எப்படி இருக்கறேங்கறது ரெண்டாவதாத்தான் வரும். சில நாள் அதுவும் வராது. எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். ஆனா அஞ்சே முக்காலுக்குப் போன்ல சார்ஜ் இல்லீன்னா ஊட்டுக்கும் வாசலுக்குமாக் குதிச்சுப்போடுவேன்.

மகளுக்குக் கொழந்தை பொறந்தப்பப் போனவ. ஆறு மாசம்னுதான் போனா. மகளும் மருமவனும் வேலைக்குப் போறவங்க, கொழந்தைய ஆரு பாக்கறது? ஆறு மாசம் ஒரு வருசமாச்சு, இப்ப மூணு வருசம் முடியப்போவுது. நானும் போயி இருந்து பாத்தேன். பத்தாவது மாடி. ஜன்னலத் தொறந்தா காத்து வருது, ஒரு மனுசன் மூஞ்சி தெரியல. நாலாம் நாள், "கோழிக்கு ஆளில்ல, நான் போகோணும்"னு சொல்லிப்போட்டு பஸ் ஏறிட்டேன்.

கோழி அவளோடது. பதினொண்ணும் அவ அடை வெச்சுப் பொரிச்சது, இல்லீன்னா அதுக வயித்துல வந்தது. போறப்ப வாசல்ல நின்னுக்கிட்டுச் சொன்னா: "கோழி கெடக்குதல்லங்க, எப்படியும் நான் வந்துதானே ஆகோணும்." அந்த வார்த்தையத்தான் நான் மூணு வருசமாப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தேன். எனக்காக வருவாங்கற நம்பிக்கை எனக்கில்ல, வெக்கத்த உட்டே சொல்றேன். கோழிக்காக வருவா. இந்தப் பொங்க நோம்பிக்கு வந்தா இங்கயே இருந்துக்கறேன்னும் சொல்லியிருந்தா. கொழந்தையப் பள்ளிக்கொடத்துல சேத்தறாங்கல்ல, இனி அவளுக்கு அங்க என்ன வேலை?

ஊத்துக்குளிப் பக்கம் எங்க ஊரு. கார்த்திகைலயே பனி எறங்கிருச்சு. "பனி படாம அதுகளப் பாத்துக்கோங்க"ன்னா. அவ சொன்னது அவ்வளவுதான். ஒரு கோணிப்பையத் தொங்கவுட்டிருந்தா முடிஞ்சிருக்கும். முப்பது வருசம் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருந்தவன் சும்மா இருப்பானா?

டேப்ப எடுத்துட்டுப் போயி கூண்டுக்கு அளவெடுத்தேன். கம்பி வலை போட்ட கூண்டு, முருங்கை மரத்தடியில இருக்குது. ஊட்டுல ரிஜெக்ட் ஆன ஃபிளீஸ் துணி ஒரு ரோல் கெடந்துச்சு, வெளிநாட்டுக்காரன் குளுருக்குப் போடற மொத்தத் துணி. பேட்டர்ன் போட்டு, நாலு பக்கத்துக்கும் மேலுக்கும் தனித்தனியா வெட்டி, மிஷின்ல ஓட்டி, ஓரத்துக்கு எலாஸ்டிக் வெச்சேன். மாட்டிப் பாத்தா ஒரு விரல் போற சந்து இல்ல. அளவுல நான் எப்பவும் சுத்தம். கீழ பரப்பறதுக்குக் கட்டிங் வேஸ்ட், பனியன் வெட்டுனதுல மிச்சமாவற துண்டுத் துணி. எங்க பக்கம் அதுதான் எல்லாத்துக்கும்: வண்டி தொடைக்கறது, சட்டி எறக்கறது, தலகாணிக்கு அடைக்கறது. ரெண்டு மூட்டையக் கொட்டி மெத்தையாட்டப் பரப்புனேன். போட்டோ புடிச்சு அனுப்புனேன். "அட, கோழிக்குக் கோட்டுப் போட்டுட்டீங்களே!"ன்னு அவ சிரிச்சா. அவ சிரிச்சுக் கேட்டு நெம்ப நாளாச்சு. அன்னிக்கு நான் வெச்ச ரசங்கூட ருசியா இருந்துச்சு.

பத்துப் பதினஞ்சு நாள் போயிருக்கும். காலைல கூண்டத் தொறக்கப் போனா உள்ள இருந்து கொர்ர் கொர்ருங்குது. சேவலு கழுத்த வானத்துக்கு நீட்டி, வாயப் பொளந்து மூச்சு வாங்குது. புள்ளி போட்ட பொறிக்கோழிக்கு ஒரு கண்ணு பூரா நொரை. செங்கோழி தலையச் சிலுப்பிச் சிலுப்பித் தும்முது, மூக்குல சளி. "அட கெரகமே!"ன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்கயோ பனி பூந்திருச்சுன்னுதான் என் மண்டைக்குத் தோணுச்சு. என்ன பண்ணுனேன் தெரியுங்களா? மேல இன்னொரு மடிப்பு ஃபிளீஸப் போட்டேன். மஞ்சளும் மொளகும் வெங்காயமும் அரைச்சு உருட்டி ஒவ்வொண்ணு வாயிலயும் தள்ளுனேன். அடுத்த நாள் காலைல மூணு வெறைச்சுக் கெடந்துச்சு. அதுல சேவலும் ஒண்ணு.

சாயங்காலம் போன் வந்துச்சு.

"கோழியெல்லாம் எப்படி இருக்குதுங்க?"

"அதுகளுக்கென்ன, ராசாவாட்ட இருக்குதுக."

"ஏனுங்க தொண்டை கம்முது?"

"பனி புள்ள."

"நீங்க ஒரு ஸ்வெட்டர் போடறதுங்க."

கோழிக்கு ஃபிளீஸ் தெச்சவன்கிட்ட ஸ்வெட்டர் இல்ல. அத அவகிட்டச் சொல்லல.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போயி நின்னேன். டாக்டரம்மா சின்ன வயசு, எம்மகளவிட எளசு. கூண்டப் பாக்கோணும்னு கூடவே வந்தாங்க. நான் சீக்குக் கோழியத் தூக்கிக் காட்டுறேன், அந்தம்மா கோழியப் பாக்கறதுக்கு முன்னால துணியப் பாக்குது.

"இது ஆருங்க தெச்சது?"

"நானுங்க"ன்னு கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னேன்.

"உங்க தலைய உள்ள உட்டு நூறு எண்ணுங்க பாக்கலாம்."

குனிஞ்சு தலைய உட்டேன். இருபதுக்கு மேல எண்ண முடியல. எச்சத்து நெடி கண்ணுல மொளகாத்தூளாட்டப் பூந்துச்சு, கட்டிங் வேஸ்ட்டுப் பஞ்சு மூக்குல ஏறி இருமலு நிக்கல. வெளிய வந்து கண்ணத் தொடைச்சுக்கிட்டு நின்னேன். அந்தம்மா வையல. வஞ்சிருந்தாத் தேவலை. "சளிக் கிருமி எங்கயும் இருக்குதுங்கய்யா. காத்துப் போக்குவரத்து இல்லாம ஈரத்துலயும் தூசியிலயும் அடைச்சு வெச்சா அது தலை தூக்கிரும். குளுரு கோழியக் கொல்லாதுங்க. நீங்கதான் அதுகள மூச்சு உட உடல"ன்னாங்க.

அன்னிக்கே துணிய அவுத்தெறிஞ்சேன். வேஸ்ட்ட அள்ளித் தீ வெச்சேன், கூண்டக் கழுவிச் சுண்ணாம்பு அடிச்சேன். சீக்கானதத் தனியாக் கூடையில கவுத்து, டாக்டரம்மா குடுத்த மருந்தத் தண்ணியில கலக்கி வெச்சேன். அப்படியும் வாரத்துல நாலு போயிருச்சு. ஒவ்வொண்ணையும் குழி தோண்டிப் பொதைச்சேன். செங்கோழியப் பொதைக்கறப்ப அழுதேன். அம்பத்தெட்டு வயசு ஆம்பளை கோழிக்கு அழுதேன்னு நெனச்சுக்கோங்க, எனக்கென்ன.

மிச்சம் நாலு. தெனம் காலைல ஒவ்வொண்ணாத் தூக்கி மடியில வெச்சு, முதுகுல காத வெச்சுக் கேப்பேன், கரகரன்னு சத்தம் இருக்குதான்னு. இன்னொரு உசுரு மூச்சு உடறத அவ்வளவு கிட்டத்துல கேட்டு மூணு வருசமாச்சு. சத்தம் நின்ன பொறவும் காத எடுக்க மனசு வரல.

அவகிட்ட மட்டும் ராசாவாட்ட இருக்குதுன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். குன்னத்தூர்ச் சந்தைக்குப் போயி அதே நெறத்துல ஏழு கோழி புடிச்சாறலாமான்னு பாத்தேன். செங்கோழியாட்டவே ஒண்ணு இருந்துச்சு, தூக்கக்கூடத் தூக்கிட்டேன். ஆனா அவ கண்ண ஏமாத்த முடியுங்களா? கீழ உட்டுட்டு வெறுங்கையோட பஸ் ஏறுனேன்.

நோம்பிக்குப் பத்து நாள் இருக்கறப்ப வீடியோவுல கூப்புட்டா. கொழந்தை கோழி பாக்கோணுங்குதாம். நான் போனக் கையில புடிச்சு, நாலையும் சுத்திச் சுத்திக் காட்டுனேன். கொழந்தை கை தட்டுச்சு. அவ எண்ணிக்கிட்டு இருந்திருக்கறா.

"ஏனுங்க, அந்த நாலேதானுங்களே திரும்பத் திரும்ப வருது?"

எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். துணி தெச்சது, டாக்டரம்மா சொன்னது, செங்கோழி போனது, எல்லாம். பொரிஞ்சு தள்ளுவான்னு காத்திருந்தேன்.

"போனாப் போகுதுங்க, மனசுல வெச்சுக்காதீங்க"ன்னா. "நானே சொல்லோணும்னுதான் இருந்தேன். மகளுக்கு மறுபடியும் நாள் தள்ளியிருக்குது. நான் இனி எங்கீங்க வர்றது? அந்த நாலையும் ஆருக்காச்சும் குடுத்துப்போட்டு, ஊட்டப் பூட்டிட்டு நோம்பிக்கு இங்க வந்துருங்க. கோழியச் சொல்லித்தானே அன்னிக்கு நீங்க பஸ் ஏறுனீங்க? அதுக எப்படி இருக்குதுன்னு நான் தெனம் எதுக்குக் கேக்கறேன்னு நெனச்சீங்க?"

அவளுக்குக் கோழிதான் பெருசுன்னு மூணு வருசம் நானும், எனக்குக் கோழிதான் பெருசுன்னு அவளும் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கறோம். சரி வர்றேன்னு சொல்ல வாயத் தொறந்தேன். அந்தப் பத்தாவது மாடி ஜன்னலு கண்ணு முன்னால வந்துச்சு.

"ஒண்ணுக்கு இன்னும் இழுப்பு நிக்கல புள்ள. அது தேறட்டும், அப்பறம் பாக்கலாம்"னேன்.

நாலும் எங்காலடியில மண்ணக் கிளறிக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணுக்கும் ஒரு கொறையும் இல்ல.

"சரீங்க"ன்னு வெச்சுட்டா.

அடுத்த நாள் ஆறு மணிக்குப் போன் அடிச்சுச்சு. "ஏனுங்க, அந்தச் சீக்குக் கோழி எப்படி இருக்குதுங்க?"

"இன்னும் இழுக்குது புள்ள"ன்னேன்.