என்ன கொழம்பு?

"அலோ, என்ன கொழம்பு?"

லைனைச் சோதிக்கக் கருவியைக் காதில் வைத்ததும் சண்முகராஜ் கேட்கிற முதல் கேள்வி இதுதான். மறுமுனையில் இருப்பவர் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். இரைச்சல் இருந்தால் மூக்கு சுருங்கும். யாராவது மறந்துபோய்ச் சரக்கு, விலை என்று ஆரம்பித்தால், "ஏலக்காப் பேச்சு வேணாம்ணே, கொழம்புக்கு வாங்க!" என்று கத்துவான்.

போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கடையிலிருந்து குடோனுக்குப் பேச இன்டர்காம் போட்டுத் தருவது அவன் தொழில். அரசாங்கத்து போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிற காலம் இது. அவனுக்குக் கம்பெனி கிடையாது. சைக்கிளில் ஒரு வயர்ச் சுருள், சட்டைப் பையில் டெஸ்டர், தோளில் ஏணி. எங்கள் வீட்டுக் கடைக்குட்டி என்றாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவன் அடித்த வயர் சுவரில் ரசமட்டம் பிடித்ததுபோல் நேராகப் போகும். ஒரு கிளிப் கோணினாலும் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு மறுபடி அடிப்பான். மழையில் லைன் செத்தால், ஆள் அனுப்பிய கையோடு நனைந்துகொண்டே வந்து நிற்பான்.

கஸ்தூரியம்மாள் கடைதான் பஜாரிலேயே பெரியது. அந்த அம்மாள் யாருக்கு வேலை கொடுக்கிறாரோ அவரைத்தான் மற்றக் கடைகளும் கூப்பிடும். இன்டர்காம் போடுகிற மதுரைக் கம்பெனி ஒன்று அவரிடம் வழுவழுக் காகிதத்தில் படம் காட்டிவிட்டுப் போயிருந்தது. போன வாரம் அந்த அம்மாள் சண்முகராஜுக்கும் ஆள் அனுப்பினார்.

"ஏலே சம்முகம், எதுத்த ஞானதுரை கடைக்கும் நீதான லைன் போட்ட? அவுக காய என்ன வெலைக்குக் கேக்குறாக?"

"வெல எனக்கெப்படித் தெரியும் ஆத்தா? கொழம்பத் தவிர ஒண்ணும் கேக்க மாட்டேன். நேத்து அவுக வீட்டுல அயிரமீன் கொழம்பு. புளி தூக்கலாப் போச்சாம்."

பெருமையாகத்தான் சொன்னான். கடையே சிரித்தது. கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை.

"அவுக வீட்டுப் புளிய இங்கன சொல்றவன், என் கடை வெலைய அங்கன சொல்ல மாட்டேன்னு என்ன நிச்சயம்? மதுரைக்காரனுக்கு இந்த ஊருல பொறணி பேச ஆள் கிடையாது. அதுவே லாபம்."

சண்முகராஜ் கையிலிருந்த டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சும்மா போட்டுத் தாரேன் ஆத்தா. பேசிப் பாருங்க. புடிக்கலைன்னா கழட்டிட்டுப் போயிருதேன்."

மறுநாள் மதியத்துக்குள் வயர் குடோனை எட்டிவிட்டது. அங்கே காய் பொறுக்கும் பெண்களை மேய்க்கிற மொக்கம்மாள் மறுமுனையில் தயாராக இருந்தாள். கஸ்தூரியம்மாள் கருவியைக் கையில் எடுத்தார். சண்முகராஜ் குழம்பு கேட்கவில்லை. படி இறங்கிப் போய், மலைக்குப் போகும் ஜீப்புகள் ஹாரன் அடிக்கிற நடுத்தெருவில், கடைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இரண்டு காதிலும் விரலைத் திணித்துக்கொண்டான்.

"எவன்யா அவன், ரோட்டு நடுவுல?" என்று ஒரு டிரைவர் கத்தினார்.

"ஏலே சம்முகம்!" கஸ்தூரியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மணியாட்டம் கேக்குதுடா! வேல ஒனக்குத்தான், வா!"

அவன் அசையவில்லை. அவரே தெருவில் இறங்கி வந்து தோளைத் தட்டினார்.

"நீங்க பேசி முடிங்க ஆத்தா," என்றான் திரும்பாமலே. விரல்களை இன்னும் உள்ளே அழுத்திக்கொண்டான்.