நோன்புக் கஞ்சியில் கொட்டிய கேப்சூல்

பல்வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட என் அத்தாவுக்கு, நோன்பு நேரத்தில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. துபாயிலிருந்து தம்பி அனுப்பிய பெட்டியில் புரோபயாடிக் டப்பா ஒன்று இருந்தது. அதிலுள்ள நல்ல கிருமிகள் உயிரோடு போய் வயிற்றைச் சரியாக்குமாம்.

"எனக்கு முழுங்க வராது மவளே, கஞ்சியில கொட்டிரு" என்றார் அத்தா. ஆவி பறக்கும் நோன்புக் கஞ்சியில் கேப்சூலைப் பிரித்துக் கொட்டினேன். கலக்கக் கலக்க என் பயமும் கரைந்தது. டாக்டரிடம் போகவில்லை. அத்தாவும் நோன்பை விடவில்லை. நீடாமங்கலத்து வயலெல்லாம் தண்ணீர் ததும்ப, அவர் மட்டும் போக்கு நிற்காமல் வற்றிக்கொண்டிருந்தார். ஒரு மதியம் தொழ எழுந்தவர் சுவரைப் பிடித்தபடியே சரிந்தார்.

குளுக்கோஸ் ஏற்றிய டாக்டரம்மா, "உயிருள்ளத கொதிக்கிற கஞ்சியில அவிச்சிருக்கீங்க. அதக்கூட விடுங்க. தண்ணி வத்துற மனுஷன நோன்பு வைக்க விட்டீங்களே!" என்றார்.

இப்போது எந்த டப்பா கடல் தாண்டி வந்தாலும், டாக்டரிடம் கேட்காமல் மூடியைத் திறப்பதில்லை. அவர் புரோபயாடிக் கொடுக்கச் சொன்னாலும் ஆறிய உணவில்தான் கலக்கிறேன்.

இந்த வருட நோன்பிலும் அத்தாவுக்கு வயிறு கெட்டது. "இன்னைக்கு ஒருநாள் தாங்கிருவேன்" என்றார்.

ஓ.ஆர்.எஸ். கரைத்த டம்ளரை அவர் கையில் வைத்தேன். "விட்ட நோன்ப அப்பறம் வைக்கலாம் அத்தா. குடிங்க, டாக்டர்ட்ட கெளம்பணும்."

டம்ளர் காலியாகும்வரை நான் நகரவில்லை.