சித்தி அறிவித்த ரோடு

எங்கள் சித்திக்குத் தெரு வைத்த பெயர் மைக்கு. நகராட்சி ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு கொசு மருந்து, தடுப்பூசி முகாம், குப்பை வண்டி நேரம் என்று ஊர் முழுக்க அறிவித்து வருவது அவள் வேலை. வீட்டிலும் அதே குரல்தான். சித்தப்பா குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால் போதும், "அன்பார்ந்த பொதுமக்களே, காபி ஆறிக்கொண்டிருக்கிறது" என்று அறிவிப்பு வந்துவிடும்.

ஆனால் அவள் சொன்னால் ஊர் நம்பும். இத்தனை வருடத்தில் அவள் சொன்ன எதுவும் பொய்த்ததில்லை. தனக்கென்று சேர்த்துவைத்த சொத்தே அதுதான் என்று நினைத்திருந்தாள்.

கவுன்சிலருக்கும் அது தெரிந்திருந்தது. அவர் தொண்டையைச் செருமாமல் வாயைத் திறக்க மாட்டார். அந்தச் செருமலை மட்டும் செய்து காட்டினாலே எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள்.

"க்ஹூம். அக்கா, உங்க தெருவ அகலப்படுத்துறோம். பஸ்ஸு உள்ளயே வரப்போகுது. க்ஹூம். ரெண்டு பக்கமும் மூணு மூணு அடி விட்டுக்குடுத்தா போதும். பொதுக்காரியம், நீங்க சொன்னா கேப்பாங்க."

சித்தி சொன்னாள். எழுதிக் கொடுத்ததில் இல்லாத ஒரு வரியையும் தானாகச் சேர்த்தாள்: "முதல்ல என் வீட்டுப் படியத்தான் இடிக்கிறேன்." இடித்தும் விட்டாள். அன்று முதல் சித்தப்பா ஒரு மரப்பெட்டியின் மேல் கால்வைத்துத்தான் வீட்டுக்குள் ஏறினார்.

எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் மசியவில்லை.

"மூணடி போனா துணி வெட்டுற மேசைய எங்க போடுறது மைக்கு? உன் தலையிலயா?"

"உங்க பொண்ணு காலேஜுக்கு மெயின் ரோடு வரைக்கும் வெயில்ல நடக்குறாளேண்ணே. பஸ் வாசல்லயே வந்து நிக்கும். நான் சொல்றேன்ல."

அந்த 'நான் சொல்றேன்ல'வுக்காகத்தான் அவர் கடையின் முகப்பை இடித்தார். மேசையை விற்றுவிட்டுத் தரையில் துணியை விரித்து, மண்டியிட்டு வெட்ட ஆரம்பித்தார்.

நகராட்சிச் செலவில் தார் போட்டார்கள். கண்ணாடி மாதிரி ரோடு. அதற்குள் தெருக்கோடிக் காலி இடத்தில் ஒரு வணிக வளாகம் எழுந்திருந்தது. ரோடு நேராகப் போய் அதன் பின்பக்க இரும்புக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. பஸ் வரவில்லை. சரக்கு லாரிகள் வந்தன. என்னவென்று கேட்கப் போன சித்தியைக் காவலாளி கை காட்டி நிறுத்தினார்.

"மேடம், இது சரக்கு இறக்குற கேட்டு. பப்ளிக் அந்தப் பக்கமா சுத்தி வரணும்."

சித்தி அங்கிருந்து நேராகக் கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"க்ஹூம். பஸ் திரும்ப எடம் பத்தலக்கா."

"லாரி திரும்புதே."

"அது அவங்க எடத்துக்குள்ள திரும்புது. க்ஹூம். கடை வந்தா நாலு பேருக்கு வேலை கெடைக்கும். அதுவும் பொதுநலந்தான?"

"இருக்கட்டும். அப்ப கடைக்கு ரோடு வேணும், நம்ம வரிப்பணத்துல போடலாமான்னு கேட்டிருக்கலாமே. ஓட்டுக்கு மட்டும் வீடு வீடா வந்து கேட்டீங்க."

"அப்படிக் கேட்டா எவன் குடுப்பான்?"

இதைச் சொல்லும்போது அவர் செருமவே இல்லை.

திரும்பி நடக்கையில் சித்தி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அவன் வாயால சொல்லியிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. என் வாயக் கடன் வாங்கிட்டான்."

அடுத்த மாதம் வளாகத்துக்குக் குழாய் இணைக்கும் வேலை வந்தது. மறுநாள் தெருவுக்குத் தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சித்தி அறிவித்தாள். தையல்காரர் தரையில் இருந்தபடியே தலையைத் தூக்கினார்.

"தண்ணி வராதா? பஸ்ல வருமோ?"

தெருவே சிரித்தது. சித்தி ஒலிபெருக்கியை அணைத்தாள். ஆட்டோவை விட்டு இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "சரி சரி, பாக்கலாம்" என்று முகத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தினார்கள். வீட்டுக்கு வந்து அண்டா, குடம், குழம்புச் சட்டி வரை எல்லாவற்றிலும் நிரப்பி வைத்தாள்.

விடிந்ததும் குழாய்கள் காற்றைத்தான் கக்கின. ஒவ்வொருவராகப் பாத்திரத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கடைசியாகத் தையல்காரர் வாளியை நீட்டினார். சித்தி அண்டாவைச் சாய்த்து ஊற்றினாள்.

"இத மட்டும் நெசமாவே சொல்லியிருக்க" என்றார்.

"அன்னிக்கும் நெசம்னு நெனச்சுத்தாண்ணே சொன்னேன்."

"தெரியும்" என்றார் அவர். "அதனாலதான் இனிமே நீ சொன்னா பயமா இருக்கு."

வாளி தளும்பாமல், பார்த்துப் பார்த்துக் கால்வைத்து, அந்த அகலமான ரோட்டைக் கடந்து போனார்.