உத்தரவாதத்தில் கடற்காற்று சேராது

பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கிறது, ஆகவே உத்தரவாதம் செல்லாது என்றார் சேவை மையத்தில் இருந்த பெண். நான் முப்பத்துநான்கு வருடம் சுங்கத்துறையில் இருந்தவன். துறைமுகக் கிடங்குகளில் நனைந்த சரக்கையும் நனைந்ததாகச் சொல்லப்படும் சரக்கையும் பிரித்துப் பார்த்தே தலை நரைத்தவன். எங்கள் பெட்டி கூடத்தில் டிவிக்குக் கீழே இரண்டு மாதம் இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு காபி டம்ளரைக்கூட நான் அனுமதித்ததில்லை.

“உள்ள ஒரு ஸ்டிக்கர் இருக்கு சார். ஈரம் பட்டா செவப்பாயிடும். உங்களுது செவப்பாயிடுச்சு.”

“நான் திருவொத்தியூர்ல இருக்கேம்மா. வீட்லேர்ந்து ரெண்டு தெரு தாண்டினா கடல். அந்த ஸ்டிக்கரை என் மூக்குல ஒட்டிப் பாருங்க, அதுவும் செவப்பாத்தான் ஆகும்.”

அவர் சிரிக்கவில்லை. கணினியில் திரவத்தால் சேதம் என்ற கட்டத்தில் குறி போட்டார். கடற்காற்றுக்கு அதில் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத காரணம் உலகத்திலேயே இல்லை என்பது அலுவலக தர்மம். நானே பல பேருக்கு அந்த தர்மத்தைச் செய்திருக்கிறேன். எனக்குச் செய்யப்பட்டபோதுதான் அது அநியாயம் என்று தெரிந்தது.

அது என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன் டிவியில் செருகி விளையாடிய வீடியோ கேம் பெட்டியை, அதைத் தயாரித்த கம்பெனியே இப்போது உள்ளங்கை அளவில் பொம்மை போலச் செய்து விற்கிறது. உள்ளே இருபது முப்பது பழைய ஆட்டங்கள் இருக்கும். புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியாது. இருப்பதை மாற்றவும் முடியாது. பேரனுக்காக வாங்குகிறேன் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. வாங்கியது என் மனைவிக்கு.

போன ஆடியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதற்கு எங்கள் மாடியில் குடியிருக்கும் நான்கு குடும்பங்களும் சாட்சி. வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிப் பெண் முதல் நாளே சொல்லிவிட்டார். விரல்களை, முக்கியமாகக் கட்டைவிரலை, இப்போதிருந்தே வேலை வாங்க வேண்டும். விட்டால் கை அப்படியே மூடிக்கொள்ளும். பிசைவதற்கு ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்தார். இரண்டாம் நாள் என் மனைவி அதை இடது கையால் பால்கனி வழியாக வீசினாள்.

“நாய்க்குப் போடு அத்த. நானு இன்னா கைக்கொயந்தையா, பந்து வெச்சிகினு ஆட? அந்த டிவி கேமு இருந்தா குடு. ஆடறேன்.”

அவள் ராயபுரத்தில் பிறந்தவள். சாதாரணமாக என்னைப் போலத்தான் பேசுவாள். கோபம் வந்தால் ராயபுரம் வந்துவிடும்.

அவள் கேட்டது தொண்ணூறுகளில் பர்மா பஜாரில் வாங்கி வந்த, எப்போதோ கெட்டுப்போன ஒரு நகல் பெட்டியை. மகனுக்கு என்று சொல்லி வாங்கினாள். மகனை நகரச் சொல்லிவிட்டுத் தானே ஆடினாள். செங்கல் சுவர்களுக்கு நடுவே டாங்கிகள் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். கீழே ஒரு பறவைச் சின்னம் இருக்கும். அதை எதிரி சுட்டுவிடாமல் இரண்டு பேர் சேர்ந்து காக்க வேண்டும். கூட ஆடுபவரைத் தவறிச் சுட்டால் அவர் சில நொடி அசைய முடியாமல் நிற்பார். அவள் என்னைத் தவறிச் சுட்டதே இல்லை. வேண்டுமென்றுதான் சுடுவாள். அதே காலத்தில் நான் அதே நகல் பெட்டிகளை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பறிமுதல் செய்து, மகஜர் எழுதி, கொடுங்கையூர் குப்பைமேட்டில் ரோலர் விட்டு நசுக்கும்போது பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்ததைப் பற்றி எனக்கு அதிகாரபூர்வமாக எதுவும் தெரியாது.

ஆகவே இந்த முறை எல்லாம் சட்டப்படி நடக்க வேண்டும் என்று நின்றேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளின் வயர்லெஸ், மீன் பார்க்கும் கருவி இவற்றைப் பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். என் மனைவி பிறந்த தெருக்காரர். அவளை அக்கா என்பார். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் பலகை கிடைக்கிறது, அதற்குள் பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் மென்பொருளைப் போட்டு, எல்லா ஆட்டத்தையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றித் தருகிறேன் என்றார்.

“அந்த ஆட்டத்துக்கெல்லாம் லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டேன்.

“லைசென்ஸா? படகுக்குக் கீது சார்.”

வேண்டாம் என்றேன். கம்பெனிப் பெட்டியை அண்ணா சாலையில் பில் போட்டு வாங்கினேன். ஆட்டங்களின் பட்டியலைப் படிக்கும் முன், இறக்குமதியாளர் விலாசம், அதிகபட்ச விலை, இறக்குமதி மாதம் எல்லாம் அட்டைமேல் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. டாங்கி ஆட்டம்தான் பட்டியலில் இல்லை.

நியாயமாகச் சொல்கிறேன். படம் துல்லியம். சத்தம் அந்தக் காலத்துச் சத்தமேதான். பொத்தானை அழுத்திய கணத்தில் திரையில் நடக்கிறது. ஆனால் கன்ட்ரோலரின் ஒயர் இரண்டு முழம்கூட இல்லை. தரையில் உட்கார முடியாதவளை டிவிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, மூக்கு இடிக்கிற தூரத்தில் உட்காரவைத்தேன். இருந்ததில் விமானத்தைச் சுடும் ஆட்டம் ஒன்றை எடுத்தாள். வாலிபக் கைக்குச் செய்த வேகம் அது. அவள் கட்டைவிரல் பொத்தானை நோக்கிக் கிளம்புவதற்குள் விமானம் வெடித்திருக்கும். வேகத்தைக் குறைக்க வழி உண்டா என்று கையேட்டில் ஏழு மொழிகளிலும் தேடினேன். ஏழிலும் இல்லை. ஆனாலும் அவள் விடவில்லை. தினம் காலையில் இட்லி ஆனதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் கட்டைவிரல் தானாக அரை அங்குலம் நகர்ந்தது. இருவருமே பார்த்தோம். அடுத்த வாரம் திரை கறுத்துவிட்டது. பிறகு வரவேயில்லை.

சேவை மையம் பெட்டியைச் சிவப்பு ஸ்டிக்கரோடு திருப்பித் தந்த பிறகு நான் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். புகார் எண். நினைவூட்டல். பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டு, இணைப்பு ஒன்று முதல் ஆறு வரை, மேல்முறையீடு. எங்கள் ஊரில் ஏசியின் செப்புக் குழாய் இரண்டு வருடம் தாங்கினால் அதற்கு ஆரத்தி எடுப்போம், எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை உங்கள் ஸ்டிக்கர் சிவக்காத ஒரு வீட்டைக் காட்டவும் என்று மூன்று பக்கம் எழுதினேன். கடல் உள்ள நாட்டில் விற்கும் பொருளுக்குக் கடற்காற்று விலக்கு என்றால், அதைப் பெட்டிமேல் அச்சிட்டிருக்க வேண்டும் என்றும் எழுதினேன். என் கடிதத்துக்கு நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. அதோடு சரி.

பழுது பார்ப்பவர் இரண்டு முறை வந்தார்.

“குடு சார், தொறந்து பாத்துர்றேன். அஞ்சே நிமிசம்.”

“அவங்க சீலை உடைச்சா கேஸ் போச்சு.”

“கேஸு கெடக்குது சார். அக்கா கையி?”

விசாரணையில் இருக்கும் பொருளை யாரும் தொடக்கூடாது என்று அவருக்கு விளக்கினேன். பெட்டியைத் துணிப்பையில் போட்டுச் சணலால் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, அலமாரியில் பூட்டினேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே மெழுகுவர்த்தி ஏற்றி அரக்கு உருக்கினேன். என் மனைவி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது வாரம் பிசியோதெரபிப் பெண் அவளுடைய வலது கையை மேசைமேல் வைத்து விரல்களைப் பிரித்தார். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்திருந்தது. பிரித்து விட்டதும் மறுபடி மடிந்தது.

“இது நகர ஆரம்பிச்சுதே சார். நான் வராத நாள்ல பயிற்சியை ஏன் விட்டுட்டீங்க? இப்படியே போனா அப்புறம் என்னால திறக்க முடியாது.”

“அவருக்கு கம்பெனிக்காரன் லெட்டர் போடணுமாம்,” என்றாள் என் மனைவி. “அதுக்கோசரம் என் வெரலு காத்துகினு கீது.”

அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதிதான் கம்பெனிமேல். மீதிப் பாதிக்கும் விலாசம் தெரியும். பதிவுத் தபால் தேவையில்லை.

மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு காசிமேடு போனேன். ஐஸ் கடைக்கு எதிரே பழுது பார்ப்பவரின் தகரக் கூரை அறை. அவர் பையைத் தூக்கிப் பார்த்தார்.

“இன்னா சார், அரக்குலாம் வெச்சிகினு? உள்ள இன்னா தங்கமா கீது?”

ஸ்குரூ டிரைவரால் அரக்கைப் பெயர்த்து, அதே ஸ்குரூ டிரைவரால் பெட்டியையும் திறந்தார். உள்ளே பலகை முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

“பாரு சார். ஒரு கோட்டு வார்னிஷ் கூட அடிக்கல. ஏசி ரூம்ல குந்திகினு பண்ணவன் இத்த. இது தேறாது.”

முன்பு அவர் சொன்ன கணினிப் பலகையையே செய்து தரச் சொன்னேன். அவருடைய முறை வேறு. படகிலிருந்து வரும் எந்தப் பலகையையும் ஸ்பிரிட்டில் கழுவி, வெயிலில் காயவைத்து, வளையல் கடையில் வாங்கிய நிறமில்லாத நெயில் பாலிஷை இரண்டு தடவை பூசாமல் கடலுக்கு அனுப்ப மாட்டார். துறைமுகத்தில் இருக்கும் ஆண்களிலேயே அதிகமாக நெயில் பாலிஷ் வாங்குபவன் நான்தான் என்பார். எங்களுக்காகச் செய்த கணினிப் பலகைக்கும் அப்படியே பூசி, ரப்பர் வளையம் வைத்த எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் உட்காரவைத்தார். சூட்டை டப்பாவே வெளியே தள்ளிவிடுமாம். ஒயர் வரும் ஓட்டையைப் படகுப் பலகை ஒட்டும் பசையால் அடைத்தார்.

“அந்தக் காலத்துல ரோலர் வுட்டு நசுக்குனியே சார், அதே சரக்குதான். தப்பிச்சி வந்துக்கீது,” என்று டப்பாவைக் கையில் கொடுத்தார்.

அனுமதியில்லாமல் நகல் எடுப்பது குற்றம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். ஆனால் அந்த டாங்கி ஆட்டத்தின் உரிமையை வைத்திருப்பவர் அதை எனக்கு விற்கத் தயாராக இல்லை. நான் வாங்கிய பெட்டிக்குள்ளும் வைக்கவில்லை. வைத்த ஆட்டங்களையாவது ஒரு நோயாளியின் கைக்கு ஏற்ப மெதுவாக்க வழி செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. அது செய்ய முடியாத காரியம் அல்ல. தகர அறையில் ஒரு மனிதர் ஒரு காலையில் செய்தார். பொருளைத் தராமல் உரிமையை மட்டும் பூட்டி வைத்திருப்பதற்கு என்ன பெயர்? வாழ்நாள் முழுக்கச் சட்டத்தின் பக்கம் நின்றவன் கேட்கிறேன்.

டப்பாவுக்கும் குறைகள் உண்டு. மறைக்க மாட்டேன். ஆரம்பிக்கும்போது திரை முழுக்க வெள்ளை எழுத்து ஓடும். மூவாயிரம் ஆட்டம் என்று பெருமை. அதில் பாதி, ஒரே ஆட்டம் வேறு வேறு பெயரில். செங்கல் லேசாக ஊதா நிறத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்துவதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவில் ஒரு தும்மல் போடலாம். சில நாள் தட்டினால்தான் விழிக்கும். கம்பெனிப் பெட்டி பெரிய ஓட்டல் என்றால் இது கையேந்தி பவன். ஆனால் கையேந்தி பவனில்தான் காரத்தைக் குறைத்துப் போடு என்று சொல்ல முடியும்.

பழுது பார்ப்பவர் வேகத்தை அறுபது சதவீதமாகக் குறைத்தார். சுடுவதற்கு, படகில் ஹாரன் அடிக்க வைக்கும் பெரிய ரப்பர் பொத்தான் ஒன்றை ஐஸ் பெட்டி மூடியில் பதித்துக் கொண்டுவந்தார். ஒயர் கட்டில்வரை வரும்.

“இன்னாடா இது, ஹாரனா?” என்றாள் என் மனைவி.

“ஆமாக்கா. எதிர்ல வர்றவன் ஒதுங்க வாணாம்?”

பிசியோதெரபிப் பெண் அந்த மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மணிக்கட்டை அதில் துணியால் கட்டினார், கட்டைவிரல் மட்டும் பொத்தானுக்கு எட்டும்படி. முதல் நாள் அரை மணி நேரத்தில் என் மனைவி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. எதிரி டாங்கிகள் மாட்டுவண்டி போல வந்து பறவையை அடித்தன. இடது கையை எடுத்துக்கொண்டு உதவப் போனாள். அந்தப் பெண் விடவில்லை. நான்காம் நாள் ஒரு குண்டு கிளம்பி, காலிச் சுவரில் பட்டது. பக்கத்து வீட்டில் கேட்கும்படி என் மனைவி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுதினால் அச்சில் வராது.

அறுபது, அறுபத்தைந்தானது. பிறகு எழுபது. ஹாரன் பொத்தானை எடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்றைப் பதித்தார்கள். கட்டைவிரல் இப்போது முக்கால்வாசி விரிகிறது. தேங்காய்ச் சட்னி அரைத்த மிக்ஸியின் மூடியைத் திறக்க இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். ரவிக்கைக் கொக்கியில் மேல் இரண்டைத் தானே போட்டுக்கொள்கிறாள். ஏழு வாரத்தை விடாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு வந்திருக்கும் என்று பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். அதெல்லாம் கணக்கு சொல்ல முடியாது சார் என்றார். இரக்கத்தால் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கம்பெனிமேல் உள்ள புகாரை நான் விடவில்லை. சீல் உடைந்ததால் என் கட்சி பலவீனமாகிவிட்டது என்பது தெரியும். நுகர்வோர் நீதிமன்றத்துக்கு மனு எழுதியாயிற்று. போன வாரம் கம்பெனியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: புகார் முடிக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? பூஜ்யம் போட அதில் இடமில்லை. அதையும் மனுவில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன்.

நேற்றுக் காலை அந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தபோது, வேகத்தை எண்பதாக ஏற்றச் சொன்னாள். இந்த வாரம் எழுபத்தைந்தைத் தாண்டக்கூடாது என்று பிசியோதெரபிப் பெண் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றேன். சீட்டை எடுத்துக் காட்டவும் செய்தேன்.

“யாரு கையி?” என்றாள்.

ஏற்றினேன்.