படிவம் தேர்ந்தெடுத்த நாயும் என் தெரு நாயும்

பாரிஸ் புறநகரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் எனக்கும் ஒரு பொன்ழூர் வணக்கம் உண்டு, அதோடு சரி. மூன்றாம் மாடிக்காரரின் நாய் ஏறினால் கதையே வேறு. குனிந்து அதன் தாடையைத் தடவி, இரவு நன்றாகத் தூங்கினாயா, முடி எங்கே வெட்டிக்கொண்டாய் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஒன்பது வருடத்தில் என் தூக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடக் கேண்டீன் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பகல் முழுக்கப் பேச்சுத்துணை கிடையாது. "ஒரு சின்ன நாய் வாங்கும்மா, உன்கிட்டயும் நாலு பேர் பேசுவாங்க" என்றாள் மகள். எரிச்சலாக வந்தாலும் நாய் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைக்காரப் பெண் ஒரு படிவத்தோடு உட்கார்ந்தாள். வீடு எத்தனை சதுர மீட்டர்? தினமும் எவ்வளவு நேரம் நடப்பீர்கள்? முன்பு நாய் வளர்த்ததுண்டா? புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் எப்போதும் ஒரு நாய் இருக்கும் என்றேன். யாருடையது என்றாள். தெருவுடையது, ஐந்து வீட்டில் சாப்பிடும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "கைவிடப்பட்ட நாய், பாவம்" என்று படிவத்தில் எழுதிக்கொண்டாள். ஐந்து வீட்டுச் சோறு தின்று கொழுத்தது கைவிடப்பட்டதாம்! கடைசியில் என் வாழ்க்கைக்குப் பொருத்தமானது பிஷோன் ஜாதி நாய் என்று தீர்ப்பானது. வெள்ளைப் பஞ்சு உருண்டை. முடி உதிராது, சின்ன வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். அடங்கிக் கிடக்கத்தான் நான் ஒருத்தி இருக்கிறேனே என்று சொல்ல நினைத்தேன். அந்த அளவுக்கு என் பிரெஞ்சு போதவில்லை. ஊருக்குப் போய்வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

அந்த வருடம், இரண்டாயிரத்து ஆறில், ஊருக்கு வந்தபோது எங்கள் தெருவில் ஒரு குட்டைக்கால் செவலை நாயைப் பார்த்தேன். தையற்கடையில் அதற்குப் பெயர் மணி, மாதா கோயிலுக்குப் போகிற வீட்டில் ரோசி, எதிர்வீட்டுக் கஸ்தூரிக்குக் குட்டிம்மா. சின்ன நாய்தானே வேண்டும், இதையே கூட்டிப்போகிறேன் என்று முடிவு செய்தேன். மருத்துவரிடம் தூக்கிப்போனேன். பிரான்சுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் தோலுக்கடியில் அடையாளச் சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதக் காத்திருப்பு என்று அவர் அடுக்கினார். சிப் வைத்து ஊசி போட்டுத் திரும்பி வந்தால் அதற்குச் சோறு போடும் ஐந்து வீட்டுக்காரர்களும் தெருவில் நிற்கிறார்கள். ஒருவரையும் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கடைக்காரப் பெண்ணைப் போலவே நானும் அதை யாருமற்ற நாய் என்று நினைத்திருக்கிறேன்.

பஞ்சு மில் மூடி வேலை போன பிறகு இட்லிக்கடை போட்டுப் பிழைக்கிறவள் கஸ்தூரி. அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"யாரக் கேட்டுத் தூக்கிக்கினு போன?"

"நல்லா பாத்துக்குவேன்டி. அங்க மெத்தையில படுக்கும்."

"மெத்த யாருக்கு வேணும்? காலையில எங்கூட்டுல துன்னுட்டு மார்க்கெட் வரைக்கும் சுத்திட்டு வர்ற புள்ள இது. நாலாவது மாடியில அடச்சி வெச்சா செத்துப்பூடும். நீ போனது பத்தாதா, இதயும் இழுத்துக்கினு போறியா?"

எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். கோபம் கஸ்தூரி மேல் இல்லை. ஒரு படிவம் என் வாழ்க்கையைச் சதுர மீட்டரில் அளந்து, அதற்குள் அடங்குகிற நாயைத் தேடியபோது கைகட்டிப் பதில் சொன்னேனே, அந்த என் மேல்தான். நாயைத் தெருவிலேயே இறக்கிவிட்டேன். பிஷோனும் வேண்டாம் என்று அங்கேயே தீர்மானித்தேன். இனி வருடத்தில் ஐந்து மாதம் நான் இங்கேதான். மகள் போனில் கத்தினாள்: "ஒரு தெரு நாய்க்காக யாராவது வாழ்க்கையையே மாத்துவாங்களாம்மா?" நான் மாற்றுவேன். எனக்கு ஏற்ற நாயைத் தேடியது போதும்.

அடுத்த மார்கழியில் பெட்டியோடு தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். குட்டிம்மா பாய்ந்து வந்து, முன்கால்களை ஊன்றிக்கொண்டு, என்னைப் பார்த்துக் குரைகுரையென்று குரைத்தது. ஆட்டோக்காரர் விரட்டப் போனார். "வுடுங்க, அது கேக்குறது ஞாயந்தான்" என்றேன். இத்தனை மாதம் தலைகாட்டாதவளை எந்தத் தெரு நாய் சும்மா விடும்? ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையை அது முகர்ந்து பார்க்க நீட்டிக்கொண்டு என் சொந்தத் தெருவின் வாசலில் நின்றேன். உள்ளே விடலாமா என்று அது முடிவு செய்யட்டும், அதுவரை நான் நகரப்போவதில்லை.