குடிக்காதவள் காய்ச்சிய கோதுமை பியர்

தெரியாத பொருளைத் தெரிந்த முகத்தோடு விற்பதுதான் கவுன்டர் வேலை. கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்துப்போன சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும். ஆக்லாந்தின் ஒனிஹங்காவில், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் எனக்கு வேலை.

பழ வாசனை

ஜெர்மன் கோதுமை பியருக்கான ஈஸ்ட் வாங்கிப்போன ஒருவர், ஒரு மாதம் கழித்துப் பாட்டிலோடு வந்தார். வாழைப்பழ வாசனை அடிக்கிறதாம், பியர் கெட்டுவிட்டதாம். நான் மைக்ரோபயாலஜி படித்தவள். முகர்ந்து பார்த்தேன், பின்னணியில் லேசாகக் கிராம்பு வாசனையும் இருந்தது. அந்த ஈஸ்டின் குணமே அதுதான் என்று விளக்கினேன். நீங்கள் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டார். பியரையே தொட்டதில்லை என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் முதலாளி கிரான்ட்டைப் பார்த்துச் சொன்னார்: "கறிக்கடையில் சைவக்காரரை நிறுத்தியிருக்கிறீர்கள்."

பொங்கல்

வேலையில் எனக்குச் சோதனைக் காலம் முடிய ஐந்து வாரம் இருந்தது. விசாவோ அந்த வேலையை நம்பி இருந்தது. நீயே ஒரு தடவை காய்ச்சு, வாடிக்கையாளர்கள் குடித்துச் சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் கிரான்ட்.

த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் வீட்டில் குளிர். கதகதப்பாக இருக்கட்டுமென்று, காய்ச்சியதை வாளியில் ஊற்றித் துணி அலமாரிக்குள் வைத்துப் புளிக்கவிட்டேன். மறுநாளே நுரை பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, என் கணவர் செந்திலின் இஸ்திரி போட்ட சட்டைகளில் வழிந்தது. துடைத்துக் காயவைத்தும் வாடை போகாத சட்டையிலேயே ஆபீஸ் போனார். அவரும் பியரைத் தொடாதவர். சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றியபடி சொன்னார்: "மேனேஜர் தனியா கூப்பிட்டு, என்ன கஷ்டம்னாலும் மனசு விட்டுப் பேசுங்க, நாங்க இருக்கோம்னார்."

அப்பத்துக்கு

பாட்டிலில் அடைத்துவிட்டுக் காத்திருந்த நாட்களில், யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு கையில் கோதுமை பியர் ஈஸ்ட், மறுகையில் இருபத்து மூன்று லிட்டர் வாளி. நான் தமிழில் வணக்கம் சொன்னதும் திடுக்கிட்டு, ஈஸ்ட் அப்பம் சுடத்தான் என்றார். இது போட்டால் அப்பத்தில் கிராம்பு வாசனை வருமே என்றேன். வாளியைக் கவுன்டரில் வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "இருபத்து மூண்டு லீட்டர் அப்பம், பிள்ளை. கோயிலிலை கண்டா இதைப்பற்றிக் கதைக்காதேங்கோ."

சனிக்கிழமை

எட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஊற்றினால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கல். கோதுமை பியர் அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். ருசி எனக்குத் தெரியாது. அவர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி கிளாஸை நீட்டி இன்னொன்று கேட்டார். அப்புறம் எல்லோரும் கேட்டார்கள்.

எப்படிச் செய்தாய் என்றார் கிரான்ட். நான் நோட்டை நீட்டினேன்: வாளியை எத்தனை தடவை கழுவினேன், காலையும் மாலையும் என்ன சூடு, எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டுச் சொன்னார்: "வேலை உனக்குத்தான். தயவுசெய்து குடிக்க மட்டும் பழகாதே, அப்புறம் எங்களைப் போலக் குத்துமதிப்பாகத்தான் காய்ச்சுவாய்."

குடிக்காமல் இருப்பதற்கும் சேர்த்துச் சம்பளம் வாங்குகிற ஆள் ஆக்லாந்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.